அளக்க வந்த அம்மிணி

மகுடேஸ்வரனுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருசமாகிறது. அது டாக்டருக்குத் தெரிந்து ஆறு வருசம்தான். நடுவிலிருந்த மூன்று வருசமும், பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போவதற்கு நாலு நாள் முன்பிருந்தே மனுசன் சோற்றைக் குறைப்பார், காப்பியில் சர்க்கரையை நிறுத்துவார், விடிகாலையில் எழுந்து வேர்க்க விறுவிறுக்க நடப்பார். அப்படிச் சீராட்டி வளர்த்த ரத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பி வரும் வழியிலேயே பேக்கரியில் நின்று ஒரு தேங்காய் பன்னை முழுசாகத் தின்பார். மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் பரிசோதனை ஒன்றை ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த அன்றைக்குத்தான் குட்டு உடைந்தது.

"டாக்டர ஏமாத்தி யாருக்குங்க லாபம்?" என்று அவர் மனைவி வேலாத்தாள் கேட்டாள்.

"ஏமாத்தறதில்ல புள்ள. நாலு பேரு வர்றாங்கன்னா ஊட்டக் கூட்டிப் பெருக்கி வெக்கறதில்லையா? அது மாதிரிதான்."

அவர் மனசறிந்து பொய் சொன்னதில்லை; அதையும் சொல்லிவிட வேண்டும். வந்தவர் முன்னால் நம் குறை தெரியக்கூடாது, அவ்வளவுதான் அவர் கொள்கை. கடன் கேட்கப் போகும்போதுகூட வெள்ளை வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு போகிற வம்சம் அது. உடம்பிலிருக்கிற குணம் தொழிலில் மட்டும் இல்லாமல் போகுமா?

நல்லூரில், பேருந்து நிறுத்தத்திலிருந்து உள்ளே போகும் சந்தில் அவருடைய நிட்டிங் கம்பெனி இருந்தது. பதினாறு வட்ட மெசின்கள். ஏற்றுமதிக்காரர்கள் நூலைக் கொடுப்பார்கள், இவர்கள் துணியாகப் பின்னிக் கொடுப்பார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி ஆறு வருசமாக அசையாமல் நிற்க, கரண்டு பில் மட்டும் வருசா வருசம் ஏறிக்கொண்டிருந்தது. போன மூன்று மாதமும் பில் கட்டுவதற்கு வேலாத்தாளின் வளையல் பாங்குக்குப் போய் வந்தது. இதற்குமேல் முடியாது என்று ஆனி மாதத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். எட்டு மெசினை விற்றுவிடுவது. பல்லடத்திலிருந்து மெசின் புரோக்கர் செங்கோட்டையன் வந்து பார்த்து விலையும் பேசிவிட்டார். இருபத்தைந்தாம் தேதி லாரியோடு வருவதாகப் பேச்சு.

எட்டு மெசின் போனால் ஆட்களில் பாதிப்பேர் போக வேண்டும். முதலில் போக வேண்டியவர் ஃபிட்டர் வெள்ளியங்கிரி. எட்டே மெசினுக்கு யார் முழுநேர ஃபிட்டர் வைத்துக்கொள்வார்கள்? சேவூரிலிருந்து இருபது வயதில் வந்தவர். பத்தொன்பது வருசமாக அந்தப் பதினாறு மெசினையும் பெற்ற பிள்ளைகளைப் போல் பார்த்துக்கொண்டவர். மகளைப் போன வருசம்தான் நர்சிங் படிக்கச் சேர்த்திருந்தார். அவரிடம் விசயத்தைச் சொல்ல மகுடேஸ்வரனுக்கு வாய் வரவில்லை. காலையில் சொல்லலாம் என்று போவார், "சாப்ட்டயா வெள்ளியங்கிரி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

இந்த நேரத்தில்தான் நிட்டிங் கம்பெனிக்காரர்களின் சங்கக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள், கரண்டு எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்வதற்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று. எனர்ஜி கன்சல்டன்ட். பில்லில் கால்பங்கு குறைந்தால்கூடப் போதும், ஒரு மெசினையும் விற்க வேண்டாம். மகுடேஸ்வரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். இருபத்தைந்தாம் தேதிக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவன் ரித்தீஷ், வேலாத்தாளின் அண்ணன் மகன். கோயமுத்தூரில் சோலார் கம்பெனி ஒன்றில் வேலை. "மாமா, நம்ம கம்பெனிக்கு நான் வந்து பாத்துக் குடுக்கறனுங்க. பீஸெல்லாம் ஒரு பைசா வேண்டாமுங்க" என்றான். இன்னொருவர் வினிதா. அவிநாசிப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும். பரிட்சை எழுதிச் சான்று வாங்கிய எனர்ஜி ஆடிட்டர். அவர் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "நான் எதையும் விக்கறதில்லீங்க சார். அளந்து சொல்றது மட்டுந்தான். அதுக்கு முப்பத்தஞ்சாயிரம். மொதல்ல மூணு வருசத்து ஈ.பி. பில்லை அனுப்பி வைங்க."

சும்மா வருகிறவன் ஒருவன், முப்பத்தைந்தாயிரம் கேட்கிறவள் ஒருத்தி. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மாட்டுக்கு அது சரி. மகுடேஸ்வரனுக்கும் மனசு ரித்தீஷ் பக்கமே சாய்ந்தது. இருந்தாலும் இரண்டு பேரையும் வரச்சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டார். ரித்தீஷ் திங்கட்கிழமை, வினிதா புதன்கிழமை.

ஞாயிற்றுக்கிழமையே ஜோடனை ஆரம்பமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால்கூட அவ்வளவு நடந்திருக்காது. மின்விசிறிகளில் அப்பியிருந்த பஞ்சையெல்லாம் துடைத்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பியூஸ் போன டியூப்லைட்டுகளைக் கழற்றி எல்.ஈ.டி. மாட்டினார்கள். மெசினில் படிகிற பஞ்சை ஊதித் தள்ளப் பின்வரிசைக்குப் போகும் ஏர் லைனில் காற்று ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்த வால்வையே மூடச் சொன்னார். லொடலொடவென்று இரைகிற பழைய கம்ப்ரசரை நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடி, அதன் முன்னால் நூல் பெட்டிகளை அடுக்கச் சொன்னார். மெசின்களிலேயே கிழடு இரண்டு உண்டு, இழுக்கிற கரண்டுக்குக் கணக்கே கிடையாது. அவற்றுக்கும் ஓய்வு. ஆட்கள் வேர்வைக்குக் காற்றுக் குழாயை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வது வழக்கம். மூன்று நாளைக்குக் குழாயையே கழற்றி ஒளித்து வைத்தார்கள். கடைசியாக மீட்டர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் செவ்வந்தி.

"ஏனுங்ணா," என்றார் வெள்ளியங்கிரி, தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு. "கரண்டு எங்க வீணாகுதுன்னு பாக்கத்தான வர்றாங்க? இதையெல்லாம் மூடிப்போட்டா அவங்க எதைப் பாப்பாங்க?"

"படிச்சவங்க, மிசின் வெச்சு அளப்பாங்க. நீ மூடு. வர்ற ஆளு முன்னாடி இப்படி லொடலொடன்னு கெடந்தா என்ன நெனைப்பாங்க?"

வெள்ளியங்கிரி மூடினார். மொதலாளி சொன்னால் செய்கிற ஆள்.

திங்கட்கிழமை ரித்தீஷ் வந்தான். நல்ல பையன், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தை கொடுத்த பணியாரத்தைத் தின்றுவிட்டு, கருவியை ஒவ்வொரு மெசினாக மாட்டி, காட்டியதையெல்லாம் ஒழுங்காக அளந்தான். அளக்க அளக்க அவன் முகம் மலர்ந்தது. "மாமா, நான் பார்த்த நிட்டிங் கம்பெனிலயே இதுதானுங்க நம்பர் ஒன்!" என்றான். மகுடேஸ்வரனுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

புதன்கிழமை வினிதா ஸ்கூட்டரில் வந்தார். தோளில் ஒரு கருவிப் பை. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், குடித்தார். பஜ்ஜி வந்தது, தொடவில்லை. மகுடேஸ்வரன் முன்பணமாக ஐயாயிரத்தை ஒரு கவரில் போட்டு மேசைமேல் வைத்தார். மூன்று மணி நேரம் கம்பெனிக்குள் சுற்றிவிட்டு வந்து, அனுப்பி வைத்த பில்களை விரித்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து விரலை ஓட்டிப் படித்தார் வினிதா.

"எப்படீங்க அம்மிணி நம்ம கம்பெனி?" என்றார் மகுடேஸ்வரன், பாராட்டை எதிர்பார்த்து.

"நல்லா இருக்குதுங்க சார். ஆனா நான் பார்த்தது உங்க கம்பெனி இல்லீங்களே."

"என்னுங்க சொல்றீங்க?"

"மூணு வருசத்துப் பில்லு நூறு ரூவா கேக்குதுன்னு வைங்க. நான் இன்னைக்கு அளந்த கம்பெனி அறுவத்தஞ்சு ரூவாய்க்குத்தான் ஓடுது. மீதி முப்பத்தஞ்சு ரூவாய எங்க வெச்சிருக்கறீங்க?"

மகுடேஸ்வரனின் காது சூடேறியது. "அப்ப என்னைக் கரண்டுத் திருடன்னு சொல்ல வர்றீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. திருட்டுப் போறது உங்க கிட்டிருந்துதானுங்க. நீங்க என்னடான்னா திருடனுக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, முன்னால பெட்டி வேற அடுக்கி வெச்சிருக்கறீங்க."

மூலையில் நின்றிருந்த வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டார். வினிதா கவரை மெதுவாக மகுடேஸ்வரன் பக்கம் தள்ளினார்.

"நான் இந்த வேலையை எடுத்துக்கலீங்க சார். ஜோடிச்ச கம்பெனியை அளந்து குடுத்தா அந்த ரிப்போர்ட்டு உங்களுக்கே கெடுதலாப் போயிரும். கம்பெனி எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே காட்டறதா இருந்தா ஒரு போன் பண்ணுங்க. வர்றனுங்க."

அவர் போன பிறகு மகுடேஸ்வரன் கத்தின கத்தலில் மெசின் சத்தமே கேட்கவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தால் குடித்துவிட்டு முகத்துக்கு நேரே இப்படியா? பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாயா? நம்ம பையனைப் பார், எவ்வளவு மரியாதை! முடிவு அப்போதே முடிவாகிவிட்டது. ரித்தீஷ்தான் கன்சல்டன்ட். அன்று சாயங்காலமே அவனுக்குப் போன் செய்து ரிப்போர்ட் அனுப்பச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அது வந்தது. நாற்பத்திரண்டு பக்கம், வழுவழுத்த தாளில், கலர் கலராக. அட்டையில் கம்பெனியின் போட்டோ, வாசலிலிருக்கும் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரோடு. அவர் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போனார். வேலாத்தாளை உட்கார வைத்துத் தானே படித்துக் காட்டினார். மெசின்கள் எல்லாம் மிகச் சிறந்த நிலையில் உள்ளன. காற்று ஒழுக்கு இல்லை. மின்சார விரயம் மிகக் குறைவு. இதற்குமேல் குறைப்பதற்கு வாய்ப்பில்லை. வேண்டுமானால் கூரையில் சோலார் போடலாம், நாற்பத்தெட்டு லட்சம் ஆகும். அவ்வளவு பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் பெரிய சோலாராகவே போட்டுக்கொள்ளலாம்.

வேலாத்தாள் கையைக் கட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டாள்.

"நல்ல ரிப்போர்ட்டுங்க," என்றாள். "அப்ப கொறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீன்னு ஆயிப்போச்சு. நாப்பத்தெட்டு லச்சமும் நம்மகிட்ட இல்ல. மெசினை வித்துத்தான ஆகோணும்?"

மகுடேஸ்வரன் கடைசிப் பக்கத்தை மறுபடி புரட்டிப் பார்த்தார். அந்தக் கோணத்தில் அவர் யோசித்தே இருக்கவில்லை. ரிப்போர்ட் நன்றாக வந்த சந்தோசத்தில், அது எதற்காக வாங்கிய ரிப்போர்ட் என்பதே மறந்துபோயிருந்தது. தாளை மூடி வைத்துவிட்டுக் கம்பெனிக்கு வந்தார். இனி வெள்ளியங்கிரியிடம் சொல்லாமல் தள்ளிப்போட முடியாது.

அலுவலக அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். எட்டு மெசின் போகிறது. இருபத்தைந்தாம் தேதி லாரி வருகிறது. எழுத்துப்பூர்வமாகவே வந்துவிட்டது, இதற்குமேல் கரண்டைக் குறைக்க வழியில்லை என்று. வேறு இடத்தில் நானே சொல்லி வேலை வாங்கித் தருகிறேன். இதையெல்லாம் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வெள்ளியங்கிரி ரிப்போர்ட்டை எடுத்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படங்களைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர், துடைத்த மின்விசிறி, செவ்வந்தி போட்ட மீட்டர் பெட்டி. ஒவ்வொன்றும் அவர் கையால் செய்தது.

"ஏனுங்ணா," என்றார். குரல் உடைந்திருந்தது. "வேசம் போடச் சொன்னீங்க, போட்டன். அந்த வேசத்தப் பாத்து எழுதுன தாளுங்க இது. இதை வெச்சுக்கிட்டா எம்பட மெசினை விக்கறீங்க? எந்தக் கையால தார்ப்பாயக் கட்டுனனோ அந்தக் கையாலயே எம்பட சோத்துல மண்ணப் போட்டுக்கிட்டனுங்களா?"

பத்தொன்பது வருசத்தில் அவர் மொதலாளியிடம் அப்படிப் பேசியதில்லை. பேசிவிட்டு, அதற்கும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மகுடேஸ்வரன் நாற்காலியிலேயே கிடந்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சீட்டை டாக்டர் நீட்டிய அன்றைக்கு வந்த அதே வெட்கம், இப்போது பத்து மடங்காக வந்தது. அன்றைக்கு ஏமாந்தது தன் உடம்பு மட்டும். இன்றைக்கு இன்னொருத்தன் வீட்டு அடுப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது, மறைத்த சோற்றைத் தானே பரிமாறியும் ஆகிவிட்டது. போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அம்மிணி, நான் நல்லூர் மகுடேஸ்வரன் பேசறனுங்க. அன்னைக்குக் கொஞ்சம் கோவப்பட்டுட்டன்."

"பரவால்லீங்க சார்."

"வந்து பாருங்க. எதையும் மூட மாட்டனுங்க."

"ஞாயித்துக்கெழமை வர்றனுங்க, மெசின் ஓடாத நாளாப் பாத்து. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறன், பெருக்கக்கூட வேண்டாமுங்க."

பெருக்காமல் இருப்பது அவ்வளவு லேசான காரியமா? சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வாசலில் கிடந்த டீக்கப்புகளைப் பார்த்து அவர் கை தானாகவே விளக்குமாற்றுக்குப் போனது. எடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப வைத்தார். நூல் பெட்டிகளையும் தார்ப்பாயையும் அகற்ற வெள்ளியங்கிரியோடு அவரே கை கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேரும் கம்பெனிக்குள் நின்றார்கள். பதினாறு மெசினும் நின்றிருந்தன. எல்லா வால்வையும் திறந்துவிட்டு பழசும் புதுசுமாக இரண்டு கம்ப்ரசரையும் போடச் சொன்னார் வினிதா. காற்று நிறைந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இப்ப சித்த நேரம் பேசாம கேளுங்க சார்."

கேட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தலைக்குமேல் எங்கேயோ ஸ்ஸ் என்றது. அப்புறம் பின்வரிசையில். அப்புறம் தூணுக்குப் பின்னால், காலடியில், அங்கே, இங்கே. கம்பெனி முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"இது... எப்பவுமே இருக்குதா வெள்ளியங்கிரி?"

"எப்பவுமே இருக்குதுங்ணா. மெசின் சத்தத்துல கேக்காது."

"காத்தை அமுக்கிச் சேத்து வெக்கறதுக்குத்தான் கம்ப்ரசர் கரண்டு திங்குதுங்க," என்றார் வினிதா. "அந்தக் காத்து சும்மா போச்சுன்னா, கரண்டும் சும்மா போகுதுன்னு அர்த்தம். ராத்திரி பகலா, ஆறு நாளும்."

ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரைக் கரைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார்கள். ஒழுகுகிற இடத்தில் நுரை கொப்புளம் விட்டது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தது மகுடேஸ்வரன். வெள்ளியங்கிரி சாக்பீஸால் அடையாளம் போட்டுக்கொண்டே வந்தார். மதியத்துக்குள் நாற்பத்தியொரு இடம்.

"குழாய் மூட்டுக்கெல்லாம் வாசர் மாத்தோணும்னு ஆறு மாசத்துக்கு முன்னாடியே சீட்டு எழுதிக் குடுத்தனுங்ணா," என்றார் வெள்ளியங்கிரி, அவர் முகத்தைப் பார்க்காமல். "மூவாயிரத்துச் சொச்சந்தான்."

அந்தச் சீட்டு மகுடேஸ்வரனுக்கு நினைவிருந்தது. அடுத்த மாசம் பார்க்கலாம் என்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தது. அந்த ஆறு மாதத்தில்தான் பாங்குக்கு வளையல் போய் வந்தது. அவருக்குத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கிழட்டு மெசின்கள் இரண்டையும் ஓட்டி அளந்தார் வினிதா. அவை இரண்டும் சேர்ந்து மற்ற மெசின்களில் மூன்றுக்கான கரண்டைத் தின்றன. பழைய கம்ப்ரசரை நிரந்தரமாகவே நிறுத்திவிடலாம், ஒழுக்கை அடைத்துவிட்டால் புதுசு ஒன்றே போதும் என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு மூன்று பேரும் வெளியே வந்தார்கள்.

"இது மட்டும் போதாதுங்க சார்," என்றார் வினிதா. "பாதித் தூரந்தான் வரும். மீதிப் பாதி உங்க பில்லுல மொத வரியிலயே இருக்குது. அன்னைக்கே பாத்துட்டன். கடைசியாச் சொல்லலாம்னு வெச்சிருந்தனுங்க." அவர் கை காட்டிய இடத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் நின்றது.

மகுடேஸ்வரனுக்குத் திக்கென்றது.

"இருநூறு கேவிஏ லோடு வேணும்னு ஈ.பி.ல எழுதி வாங்கியிருக்கறீங்க. நீங்க எடுக்கறது நூறுக்கு மேல போனதேயில்ல. ஆனா எடுத்தாலும் எடுக்காட்டியும், எழுதி வாங்குனதுக்கு மாசாமாசம் வாடகை மாதிரி போயிட்டே இருக்குதுங்க. சும்மா போறது மட்டும் மாசத்துக்கு நாப்பதாயிரத்துக்குக் கொறையாது. நூத்திப்பத்துக்கு எழுதிக் குடுத்தாப் போதும்."

ஏழு வருசத்துக்கு முன்னால், சந்தில் எதிர்ப்பக்கத்துப் பங்காளி தண்டாயுதபாணி தன் கம்பெனி வாசலில் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தார். ஆறே மாதத்தில் மகுடேஸ்வரன் அதைவிடப் பெரிசாக ஒன்று வைத்தார். முப்பது மெசின் போடப் போகிறேன் என்று சங்கத்தில் சொன்னார். பூசை போட்டு இருநூறு பேருக்குச் சாப்பாடு போட்டார். பதினாறுக்கு மேல் ஒரு மெசினும் வரவில்லை. ஆனாலும் சந்தில் இன்றைக்கும் அவருக்கு 'முப்பது மெசின்காரர்' என்றுதான் பெயர். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுசன், இந்த வீக்கத்தை மட்டும் ஏழு வருசமாகச் சம்பளம் கொடுத்து வளர்த்தார்.

"அம்மிணி, அது ஒண்ண மட்டும் உட்டுருங்க," என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "லோடு கொறைக்கறம்னா ஈ.பி. ஆபீஸ்ல இருந்து ஆளு வருவான், அளப்பான். சந்துக்கே தெரிஞ்சு போயிரும். மகுடேஸ்வரன் கம்பெனி நொடிச்சுப் போச்சும்பாங்க."

"உட்டர்றனுங்க சார்," என்றார் வினிதா, கொஞ்சமும் கடுமையில்லாமல். "அப்ப மெசினை வித்தாகோணும். லாரி வந்து எட்டு மெசினை ஏத்துனாலும் சந்துக்குத் தெரியத்தானுங்க போகுது. ரெண்டுல எது தெரிஞ்சாப் பரவால்லீன்னு நீங்கதான் சொல்லோணும்."

மகுடேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். வெள்ளியங்கிரி சோப்புக் கிண்ணத்தைக் கழுவி, ஈரக் கையோடு நின்றிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்.

வராமலே போன பதினாலு மெசினும் மகுடேஸ்வரன் கண்முன்னால் ஒரு தடவை ஓடி நின்றன. நாற்பத்தொன்பது வயதில் கண்ட கனவு, ஐம்பத்தாறு வயதில் கையெழுத்துப் போட்டுக் கரைக்க வேண்டியிருந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"லெட்டரை எழுதுங்க அம்மிணி," என்றார். "எங்க கையெழுத்துப் போடோணும்னு காட்டுங்க."

திண்டாடிப் போட்ட கையெழுத்து, கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. பழைய கவரை எடுத்து, இந்தத் தடவை இரண்டு கையாலும் நீட்டினார். வினிதா வாங்கிக்கொண்டார்.

உடனே மகுடேஸ்வரன் அங்கேயே நின்று பல்லடத்துக்குப் போன் போட்டார். "செங்கோட்டையனுங்களா? எட்டு மெசின் இல்லீங்க. பேசுன வார்த்தையை மாத்தறதுக்கு மன்னிச்சுக்கோணும். ரெண்டு தர்றன். அதுவும் எந்த ரெண்டுன்னு எங்க ஃபிட்டர் சொல்லுவாருங்க." போனை வெள்ளியங்கிரியிடம் நீட்டினார். வெள்ளியங்கிரி ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். "அந்தக் கெழடு ரெண்டுந்தானுங்க," என்றார்.

ஆபீசிலிருந்து ஆள் வந்து அளந்துவிட்டுப் போனது அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சந்தே வேடிக்கை பார்த்தது. மறுநாள் காலையில் எதிரே தண்டாயுதபாணியே வருகிறார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. கம்பெனி வாசலில் பஞ்சும் டீக்கப்பும் கிடந்தன. கிடக்கட்டும் என்று மகுடேஸ்வரன் விட்டுவிட்டார்.

"என்னுங்க மகுடேசு, லோடைக் கொறைச்சுட்டீங்களாமா?"

"ஆமாங்க. பதினாலு மெசினுக்கு அது போதுமுங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வானம் இடிந்து விழவில்லை. தண்டாயுதபாணி சிரிக்கவுமில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், தன் கம்பெனி வாசலில் நிற்கிற ட்ரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த அம்மிணி நெம்பரு கொஞ்சம் குடுங்களேன். நானும் ஏழு வருசமாக் கட்டிட்டுத்தானுங்க இருக்கறன். ஆனா ஒண்ணு, நான் வாங்குனன்னு ஒருத்தருகிட்டயும் சொல்லீராதீங்க."

மகுடேஸ்வரன் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"சொல்ல மாட்டனுங்க," என்றார். "நீங்களும் ஒண்ணு செய்யோணும். அவங்க வர்ற அன்னைக்கு, பெருக்காதீங்க."